இடம் இருக்கு, சந்தோஷமா வாங்க

செயலாளர் வீட்டு வாசலில் மாதாவும் சூசையப்பரும் வந்து நின்றபோது தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. இரண்டும் முழங்கை உயர மரச் சுரூபங்கள். அவற்றுக்குப் பின்னால் பாடற்குழு. அதற்கும் பின்னால், மெழுகுவர்த்தி அணையாமல் உள்ளங்கையால் மறைத்தபடி பங்கு மக்கள்.

அந்தக் கோவிலில் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் என்றால் இதுதான் வழக்கம். பெத்லகேமில் இடம் கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு, தினம் மாலை ஒரு வீட்டில் இடம். சுமந்து வருபவர்கள் மூடிய கதவைத் தட்டி "இடம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் உள்ளிருந்து "இடம் இருக்கு, சந்தோஷமா வாங்க" என்று சொல்லித் திறக்க வேண்டும். ஓர் ஏழைத் தம்பதியை ஒரு ராத்திரி தங்க வைக்கும் இந்த எளிய சடங்குக்காகச் சுவருக்கு வண்ணம் பூசியவர்கள் உண்டு. சோபா மாற்றியவர்களும் உண்டு.

கோவில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர், பூமாலை விழுகிற திசை பார்த்துக் கழுத்தை நீட்டிப் பழகியவர். மாதாவைத் தானே தூக்கிக்கொண்டு, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, தன் மனைவியிடமே கேட்டார்.

"இடம் இருக்கா?"

"இடம் இருக்கு, சந்தோஷமா வாங்க."

வயதான குரல். 'சந்தோஷமா' என்ற இடத்தில் மெல்லிய விசில் ஒன்று இழைந்து வந்தது.

கதவு சற்று நேரம் திறக்கவில்லை. திறந்தபோது செயலாளரின் மனைவி முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, உள்ள யாரு?"

"நீதானே சொன்னே?"

"நான் இன்னும் வாயே திறக்கலைங்க."

"இப்பத் திற. படம் எடுக்கிறாங்க. சிரி," என்றார் செயலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தப் பல்லைச் செய்து கொடுத்தவர் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். கோவிலில் பாதிப் புன்னகை அவர் பட்டறையில் செய்ததுதான். ஊர் அவரைப் பல்லுக்காரர் என்றது. போன வருடம் சூசையப்பரின் கை உடைந்தபோது, பல்செட்டுக்கு ஈறு வைக்கும் ரோஸ் நிறப் பசையால் ஒட்டிக் கொடுத்தவரும் அவரே. தச்சரான சூசையப்பருக்கு அன்று முதல் மணிக்கட்டில் ஈறு.

பல்லுக்காரரின் மெழுகுவர்த்தி கையிலேயே அணைந்தது. அந்த விசில் அவருக்குத் தெரியும்.

அது வாசல் அத்தையின் விசில்.

ஊருக்கெல்லாம் அத்தை, உறவென்று சொல்ல ஒருத்தரும் இல்லை. எப்போதும் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவருக்கு மேல்பல் செட் செய்தபோது காற்று கசிந்து விசிலடித்தது. "கொண்டாங்க அத்தை, சரி பண்ணித் தர்றேன்" என்றார் பல்லுக்காரர். "விடுப்பா. பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லை, விசிலாவது கூட வரட்டுமே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார் அத்தை.

போன வருடம் சுரூபங்கள் அத்தை வீட்டுக்குப் போக வேண்டிய மாலையில் போகவில்லை. செயலாளர் அப்போதுதான் கூடத்துக்குப் பளிங்கு போட்டிருந்தார். வெளியூர் உறவுகள் பார்க்க வேண்டும் என்று இன்னொரு நாளும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அத்தையிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆகவே யாரும் சொல்லவில்லை. சில நாள் கழித்துப் பால் போடுகிறவர்தான் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அத்தை நல்ல சேலை கட்டி, பல்செட் மாட்டியபடி அதில் உட்கார்ந்திருந்தார். விருந்தாளி வந்தால் மட்டும்தான் அவர் பல் மாட்டுவது.

அந்தப் பல்லோடுதான் புதைத்தார்கள். கல்லறையில் செயலாளர் உருக்கமாகப் பேசினார், பெரும்பாலும் தன்னைப் பற்றி.

அடுத்த மாலை மருந்துக்கடைக்காரர் வீடு. "இடம் இருக்கா?" என்று கேட்டு முடிக்கும் முன்பே உள்ளிருந்து பதில் வந்தது. அதே குரல். "எங்க மாமியார்" என்றார் மருந்துக்கடைக்காரர். அவருடைய மாமியார் கூட்டத்தில், அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அதற்கடுத்த வீடு. அதற்கும் அடுத்த வீடு.

யாரும் வாய் திறக்கவில்லை. தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருவருக்கும் பயம். வெளியே தெரிந்தால் வீட்டில் ஜெபம் போதவில்லை என்பார்கள். "என்ன ஒரு சமாதானம் தெரியுமா, சுரூபம் வந்ததும்!" என்று பூசை முடிந்து சொல்லிக்கொண்டார்கள். அந்தச் சமாதானத்தில் விடிய விடிய எல்லா விளக்கையும் எரிய விட்டார்கள். பொழுது விடிந்ததும் விடியாததுமாகச் சுரூபங்களைக் கோவிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள்.

கிறிஸ்துமஸ் பூசைக்கு முந்தின நாள் பல்லுக்காரர் முறை. மனைவி போன பிறகு அவர் வீட்டு வாசலில் இன்னொருவர் செருப்பு கிடந்ததில்லை. பல் அளவு எடுக்க வருகிறவர்கள் தெருப் பக்கத்துப் பட்டறையோடு சரி. அந்த ஒரு மாலைக்காகத் திரை துவைத்துப் போட்டார். அக்கம்பக்கத்தில் நாற்காலிகள் இரவல் வாங்கினார். பதில் சொல்லும்போது தொண்டை கட்டிவிடக் கூடாதே என்று தனியாகச் சொல்லியும் பார்த்துக்கொண்டார். வெறும் வீட்டில் அது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அன்று மதியம் பல் உறுத்துகிறது என்று செயலாளர் பட்டறைக்கு வந்தார். செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பொக்கை வாயோடு கம்பீரமாக உட்கார்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க தனி ஆளு. கடைசி நாள், குடும்பமா இருக்கிற வீடா இருந்தா நல்லாயிருக்கும்னு பேரவை நினைக்குது."

"பேரவைன்னா யாரு சார்?"

"நான்தான்."

"அப்ப இன்னைக்குச் சுரூபம் எங்க போகுது?"

"எங்க வீட்டுக்கே. வேற வழி? மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

பல்லுக்காரர் ஈறு விளிம்பைத் தேய்த்து, ஊதி, செட்டைத் திருப்பிக் கொடுத்தார். செயலாளர் அதை மாட்டிக்கொண்டு அன்பாகச் சிரித்தார். நன்றாகப் பொருந்தியிருந்தது.

இரவல் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் பல்லுக்காரருக்கு மனம் வரவில்லை. இருட்டும் நேரத்தில் விளக்கேற்றிவிட்டு, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து கேட்டருகே நின்றார். செயலாளர் வீட்டுக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். போகும்போது ஒருவராவது தலையசைக்க மாட்டார்களா என்று ஓர் ஆசை.

பாட்டு நெருங்கியது. மெழுகு வாடை காற்றில் வந்தது. வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அவரைக் கடந்தன. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. கேட்டருகே வந்ததும் செயலாளர் சுருதியை உயர்த்தினார்.

அப்போது, பல்லுக்காரரின் முதுகுக்குப் பின்னால், சாத்திய கதவுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"இடம் இருக்கு..."

பாட்டு அறுந்தது.

"...சந்தோஷமா வாங்க."

யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"உள்ள யாருய்யா?" என்றார் செயலாளர்.

"யாரும் இல்ல சார். நீங்கதானே சொன்னீங்க, நான் தனி ஆளுன்னு."

இந்த முறை எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டிருந்தார்கள். மாமியார் என்று சொல்ல வழியில்லை. மெழுகுவர்த்திகளின் நடுக்கத்தில் முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "நம்ம வீட்லயும் இதே குரல்தான்..." என்று யாரோ முணுமுணுக்க, யாரோ 'உஷ்' என்றார்கள்.

செயலாளரின் மனைவிதான் முதலில் தெளிந்தார். "என்னங்க, இங்கேயே வெச்சுட்டு வாங்க. போன வருஷம் பண்ணினது போதும்."

உள்ளே வந்து மேசைமேல் சுரூபங்களை வைத்தார்கள். மாதா ஒரு பக்கம், சூசையப்பர் வேறு பக்கம் பார்த்தபடி. "ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போங்க, தண்ணியாவது குடிங்க" என்றார் பல்லுக்காரர். ஒருவரும் உட்காரவில்லை. ஜெபத்தின் 'ஆமென்' தெருவில் வைத்துச் சொல்லப்பட்டது. அவசரத்தில் யாரோ ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

வீடு மறுபடி வெறிச்சென்றது.

பல்லுக்காரர் சூசையப்பரை மாதாவின் பக்கம் திருப்பி வைத்தார். கேட்டைச் சாத்த வெளியே போனார். திரும்பி வந்தார்.

மேசையைப் பார்த்து வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்று, வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஓடலாம். ஓடி எங்கே போவது? யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? யோசித்துப் பார்த்தார். ஒரு வீடும் நினைவுக்கு வரவில்லை.

அந்த நாற்காலிக்கு எதிரே மெல்ல உட்கார்ந்தார்.

"அத்தை," என்று கிசுகிசுத்தார். "பல்லு உறுத்தலையே?"

வெகுநேரம் கழித்து, மேல்பல் கீழ்ப்பல்லில் பட்டதுபோல ஒரு சின்னச் சத்தம்.

மறுநாள் மாலை கதவைப் பூட்டிவிட்டு, சுரூபங்களை இரண்டு கையிலும் அணைத்தபடி கோவிலுக்குப் போனார். எல்லோரும் வழிவிட்டார்கள். தேவைக்கு மேலேயே வழிவிட்டார்கள். குடிலில் மாதாவும் சூசையப்பரும் சேர்ந்தார்கள், குழந்தை வந்தது, மணி அடித்தது. ஃபாதர் "யாரும் தனியாக இல்லை" என்று பிரசங்கம் வைத்தார். பல்லுக்காரர் உட்கார்ந்த பெஞ்சில் மட்டும் வேறு யாரும் இல்லை. பூசை முடிந்ததும் செயலாளர் தூரத்தில் நின்றே கை குலுக்குவதுபோல் காற்றில் ஆட்டினார். எல்லோரும் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னார்கள். "எங்க வீட்டுக்கு வாங்க" என்று யாரும் சொல்லவில்லை.

வீடு இருண்டு கிடந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் போனோமா என்று நினைவில்லை. சாவியைத் திருப்பினார். பூட்டு திறந்தது, கதவு அசையவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தெருவை இருபுறமும் பார்த்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. மனைவி போன நாளிலிருந்து அவர் தன் வீட்டுக் கதவைத் தட்டியதே இல்லை.

தட்டினார்.

"இடம் இருக்கா?"

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. செருப்பில்லாத கால்கள் தரையில் உரசி, நிதானமாகக் கதவை நோக்கி வந்தன. முதலில் அந்த விசில் கேட்டது.

பிறகு தாழ்ப்பாள் விலகியது.