பேஸ்மென்றுக்குக் கீழே

மூன்று தட்டுச் சத்தம். ஆனால் இம்முறை அவை தலைக்கு மேலேயிருந்து வரவில்லை.

நிஷாந்தி கரண்டியும் கையுமாக நின்றாள். மேலே குடியிருக்கும் வீட்டுக்காரி அருள்நாயகி கூட்டும் தும்புத்தடியால் தரையில் குத்தினால் விளக்கு லேசாக ஆடும், நாலு வயது மகள் அட்சயா ஓட்டத்தை நிறுத்துவாள்; ஸ்காபரோவின் இந்த நிலக்கீழ்ப் பேஸ்மென்றுக்குக் குடிவந்த நாளிலிருந்து அதுதான் ஒழுங்கு. இப்போது விளக்கு ஆடவில்லை. அதிர்வு அவளுடைய உள்ளங்காலில் ஏறியது. கூடவே ஒரு வாடை, பெல்ஜியத்தில் அவர்கள் இருந்த பழைய நிலக்கரி ஊரில் கரிக்குவியல்கள் மேல் மழை விழும்போது வருமே, அதே வாடை, சிமெந்துத் தரையிலிருந்து கசிந்தது.

கனடாவில் சுரங்க ரயில் பாதை தோண்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுத்தான் கணவன் லவன் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். போன கிழமை தரைக்கடியில் ஏதோ உறுமியபோது அவனிடம் கேட்டாள்.

"உது உங்கட வேலைச் சத்தமோ?"

"மெஷின் எப்பவோ எங்கட தெருவைத் தாண்டிட்டுது. கீழ ஒருத்தரும் இல்லையப்பா."

படியில் செருப்புச் சத்தம். அருள்நாயகி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

"என்ன பிள்ளை, உரல் போட்டு இடிக்கிறியளோ? இன்னொருக்காக் கேட்டால் வேற வீடு பாருங்கோ."

"நாங்கள் ஒண்டும் செய்யேல்லை அன்ரி."

"அப்ப உது ஆர், பேயோ?"

மறுபடி தட்டுச் சத்தம். அருள்நாயகியின் செருப்புக்கு நேர் கீழே.

அவர் தரையைப் பார்த்தார். திரும்பிப் பாராமல் படியேறினார். சற்று நேரத்தில் அவருடைய கார் கிளம்பிப் போனது.

நிஷாந்திக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. பிள்ளையோடு போனால் யாரும் வீடு தருவதில்லை. இதையும் விட்டால் பனிக்குள் எங்கே போவது? எந்த நாட்டிலும் தலைக்கு மேல் யாரோ ஒருவரின் கால். குழந்தை நுனிக்காலில் நடந்து பழகிவிட்டது. இனிக் கீழே இருப்பவருக்கும் அடங்க வேண்டுமா?

குதிக்காலால் ஓங்கி மிதித்தாள். மூன்று தரம்.

"நாங்களும் இஞ்சதான் இருக்கிறம்."

மகளிடம் திரும்பினாள்.

"ஓடு பிள்ளை. ஆசைதீர ஓடு."

அட்சயா நம்பாமல் பார்த்தாள். பிறகு ஓடினாள். கட்டிலிலிருந்து குசினி அடுப்புவரை, குசினியிலிருந்து கட்டிலுக்கு, சிரித்துக்கொண்டு.

கீழே ஒரு கதவு திறந்தது.

செருப்புச் சத்தம். படியில். அவசரமில்லாத நடை, பொறுத்துப் பொறுத்து அலுத்தவரின் நடை. தட்டிச் சொன்னதைக் கேட்காவிட்டால் வீட்டுக்காரி இறங்கி வருவார். இது ஏறி வந்தது.

ஒரு படி. இன்னொரு படி.

நின்றது.

பிறகு விரல்முட்டியால் தட்டும் சத்தம். மெதுவாக. வாசற்கதவில் அல்ல.

நிஷாந்தி எட்டிப் பிடிப்பதற்குள் அட்சயா முழங்காலில் விழுந்து, தரையின் பிளாஸ்ரிக் விரிப்பில் கன்னத்தை வைத்துவிட்டாள்.

"சொறி அன்ரி. இனி ஓடமாட்டன்."

விரிப்பு குழந்தையின் கன்னத்துக்குக் கீழே உப்பியது. ஒரு உள்ளங்கை அளவு. பிறகு விரல்கள். ஐந்தும் தெரிந்தன.

குழந்தையின் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தன.