பூஜையில் வைத்த பெட்டி

பெட்டி அணைந்திருக்கும்போதே காலில் அந்த ஊர்தல் தொடங்கியது.

நீரஜா மூச்சை அடக்கிக்கொண்டாள். வலிக்காக முதுகுத்தண்டில் மெல்லிய கம்பியை வைத்துத் தைத்திருந்தார்கள். வெளியே சிகரெட் பெட்டி அளவில் ஒரு கருவி. அதன் வளையத்தை இடுப்புக்கு மேலே ஒட்டிப் பெட்டியின் குமிழைத் திருகினால், காலைக் கடித்துத் தின்னும் வலியின்மேல் எறும்புக்கூட்டம் போல ஒரு சிலிர்ப்பு பரவி மூடும். திருகாமல் வராது. குனியாதே, திரும்பாதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். புண் ஆறுவதற்குள் கம்பி நகர்ந்தால் மறுபடி கத்திதான். அப்புறம் கால்களுக்கு உத்தரவாதமில்லை.

வளையத்தை ஒட்டுவது நாத்தனார் ஜானு. அவள் விரல்கள் எப்போதும் சில்லென்றிருக்கும். தான் கண்ணயரும்போது அவள்தான் திருகிப் பார்க்கிறாளோ? நீரஜா கணவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்காவுக்கு ஆத்து ரேடியோவையே திருகத் தெரியாது," என்று சிரித்தான் சுந்தரராமன். கேட்டுக்கொண்டிருந்த ஜானு சிரிக்கவில்லை.

சரஸ்வதி பூஜையன்று அதைச் சோதித்துப் பார்க்க நீரஜாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். புத்தகங்களோடும் ஜானுவின் வீணையோடும் பெட்டியையும் வளையத்தையும் பூஜையில் வைக்கச் சொன்னாள். மறுநாள் புனர்பூஜை முடியும்வரை ஜானு எதையும் தொடமாட்டாள். அந்த விஷயத்தில் நெருப்பு. ஒரு நாள் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். பேட்டரியைக் கழற்றித் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். பெட்டிக்கும் வளையத்துக்கும் ஜானு சந்தனம் குழைத்து இட்டு, குங்குமம் வைத்தாள்.

விளக்கேற்றியதும் அக்காவும் தம்பியும் எதிர்வீட்டுக் கொலுவுக்குக் கிளம்பினார்கள். "அசையாம உக்காந்துண்டிரு," என்று சொல்லி ஜானு வெளியே பூட்டினாள்.

சாம்பிராணிப் புகை கூடத்தில் தாழ்வாகத் தேங்கி நின்றது. எதிர்வீட்டில் யாரோ சிறுமி சுருதி சேராமல் பாடிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்து, தேய்ந்து, அபிராமபுரமே ஒரு கணம் அடங்கியது போலிருந்தது.

காலில் எறும்புகள் ஊர்ந்தன.

உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். பேட்டரி இருந்தது.

பூஜையைப் பார்த்தாள். பெட்டி இருந்தது. பக்கத்தில், பட்டுத்துணியில், வட்டமாக ஒரு சந்தன ஈரம். வளையம் இல்லை.

சந்தன வாசனை இப்போது முன்னாலிருந்து வரவில்லை.

இடுப்புக்கு மேலே ஏதோ ஈரமாக ஒட்டியது. அதை அழுத்தும் விரல்கள். சில்லென்று.

"அக்கா?"

திரும்பினால் கால் போய்விடும். திரும்பாவிட்டால்...

பூட்டு திறந்தது. வாசற்படியில் சுந்தரராமன். அவன் பக்கத்தில், இரண்டு கையாலும் வெற்றிலைத் தட்டைப் பிடித்தபடி ஜானு. அவள் கண்கள் நீரஜாவின் தோளுக்கு மேலே நிலைத்திருந்தன.

"திரும்பிடாதேடி," என்றாள், குரலே எழாமல்.

முதுகில் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.