இறுக்கிப் பிடி

ஆறு வருடம் கழித்து என்னை மறுபடியும் அதே பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். உள்ளே நுழைந்ததும் பழைய வாடைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. புளித்த பால், கிருமிநாசினி, வெயிலில் காய்ந்த துணி. பன்னிரண்டு கட்டில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தொட்டில். பகல் இரண்டு மணி. ஜன்னல் வழியே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

தலைமை நர்ஸை நாங்கள் பெரியக்கா என்போம்.

"வந்துட்டியா? எங்க சுத்தினாலும் கடைசியில என் கழுத்துலதான் வந்து தொங்குவ" என்று சாவிக்கொத்தை என் கையில் திணித்தார்.

வார்டைச் சுற்றிக் காட்டியது ஆயா. நாலாம் கட்டிலருகே வந்ததும் அந்தத் தொட்டிலைச் செல்லமாகத் தட்டினாள்.

"இது ராசியான தொட்டில் சிஸ்டர். இதுல போட்டா எந்தப் பிள்ளைக்கும் நடுக்கமே வராது. தாய்மாருங்க இதைத்தான் கேட்டு வாங்குறாங்க."

"எப்போலேருந்து?"

"அது ஆச்சு, ஆறு வருஷம்." குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பிள்ளைங்க இதுல தவறிச்சுதான். ஆனா கஷ்டமே படல. தூங்கினபடியே போயிடுச்சுங்க."

நாலாம் கட்டிலை எனக்குத் தெரியும்.

பச்சைக்குழந்தைகள் நடுங்கும். அழுதால், பசித்தால், துணி மாற்றினால் தாடையும் கையும் படபடக்கும். பெரும்பாலும் அதில் ஒன்றுமில்லை. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த சோதனை சின்னது. நடுங்கும் கையை மெல்லப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டால் வெறும் நடுக்கம். பிடித்த பிறகும் நம் கைக்குள்ளேயே வெட்டி வெட்டி இழுத்தால் அது வலிப்பு, டாக்டரிடம் ஓட வேண்டும். மொத்தமே அரை நிமிட வேலை.

அந்த அரை நிமிட வேலையை ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் நான் செய்யவில்லை.

ஷிஃப்ட் முடிகிற நேரம். நாலாம் கட்டில்காரி மூன்று தடவை மேசைக்கு வந்தாள். பிள்ளை பிறந்து இரண்டு நாள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். "கை வெட்டுது சிஸ்டர், வந்து பாருங்க." எல்லாப் பிள்ளையும் நடுங்கும், நீயே பிடித்துப் பார் என்றேன். திரும்பி வந்து, "பிடிச்சாலும் நிக்கல சிஸ்டர்" என்றாள். நான் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இறுக்கிப் பிடி" என்றேன்.

கேஸ் ஷீட்டில் "கையைப் பிடித்ததும் நடுக்கம் நின்றது" என்று எழுதினேன். பெரியக்கா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. அடுத்த மாதம் காய்ச்சலில் அவளும் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள். ஐயோ பாவம் என்று நானும் சொன்னேன். சொல்வதற்கு என்ன காசா, பணமா?

நான் திரும்பி வந்த மூன்றாம் நாள், ராசியான தொட்டிலில் ஒரு ஆண் குழந்தை இருந்தது. அதன் அம்மாவுக்குத் தலைப்பிரசவம்.

"சிஸ்டர், காலையிலேருந்து பால் குடிக்கல. வாயை மட்டும் சப்புக்கொட்டிக்கிட்டே இருக்கான்."

எட்டிப் பார்த்தேன். கண்கள் இரண்டும் ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு நின்றன. உதடு வெறும் காற்றை மென்றது. பிறகு கண் நேரானது. கைகள் மட்டும் துணிமேல் அப்படியே கிடந்தன. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் தொட்டிலின் கால்மாட்டிலேயே நின்று பார்த்தார்.

"கை கால் வெட்டல. கண்ணும் நேராத்தான் இருக்கு. பசியா இருக்கும். ஒரு மணி நேரம் பாருங்க."

அவர் வராந்தாவைத் தாண்டவில்லை, அதற்குள் குழந்தையின் கண் மறுபடி மூலைக்கு ஓடியது.

நான் அதன் கையைப் பிடிக்கக் குனிந்தேன்.

மணிக்கட்டைச் சுற்றித் தோல் வெளுத்திருந்தது. யாரோ அழுத்திப் பிடித்தால் வெளுக்குமே, அப்படி.

என் விரல் அந்தக் கையைத் தொடவில்லை.

அதற்குமேல் இன்னொரு கை இருந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் வெள்ளைத்துணி, அதன்மேல் குழந்தை, அவ்வளவுதான். ஆனால் என் விரலுக்கடியில் நான்கு விரல் முட்டிகள். ஈரமாக, சில்லென்று. மூக்கில் பழைய தாய்ப்பால் வாடை குப்பென்று ஏறியது.

காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். கோபமே இல்லை. கேட்டதைச் செய்துவிட்டேன் என்று சொல்கிற குரல்.

"இறுக்கிப் பிடிச்சிருக்கேன் சிஸ்டர்."

குரல் மறுபடி கேட்டது.

"நின்னுடுச்சா சிஸ்டர்?"

அந்தக் கைக்கு அடியில், வெகு ஆழத்தில், குழந்தையின் எலும்பு அதிர்ந்துகொண்டிருந்தது. வலிப்பு நிற்கவில்லை. வெளியே தெரியாமல் அவள் அமுக்கி வைத்திருந்தாள். ஆறு வருடமாக அந்தத் தொட்டிலின் ராசி இதுதான். அந்த இரண்டு பிள்ளைகளும் தூங்கினபடி போனதும் இதனால்தான்.

"விடும்மா" என்றேன். விரல்கள் இன்னும் இறுகின. குழந்தையின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"யார்கிட்ட பேசுறீங்க சிஸ்டர்?" என்று கட்டிலிலிருந்து அந்தப் பெண் கேட்டாள்.

வார்டே கேட்கட்டும் என்று சொன்னேன். "அன்னிக்கு நான் வரவே இல்லம்மா. உன் பிள்ளையைத் தொடக்கூட இல்ல. நின்னுடுச்சுன்னு பொய் எழுதினேன். நீ சொன்னதுதான் சரி. உன் பிடியில ஒரு குறையும் இல்ல. இந்தக் கையை விடும்மா, நான் பிடிக்கிறேன்."

ஒரு மூச்சு விடும் நேரம்.

விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

அடுத்த நொடி குழந்தையின் கை துள்ளியது. பிடித்தேன். என் கைக்குள் வெட்டியது, வெட்டியது, நிற்கவே இல்லை. நான் போட்ட கூச்சலில் டாக்டர் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தோம். சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏறியதும் கை அடங்கியது, உதட்டில் நிறம் வந்தது. பிழைத்துக்கொண்டான்.

ஒரு சொட்டு ரத்தம், கொஞ்சம் குளுக்கோஸ். அவள் பிள்ளைக்கும் ஒருவேளை அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கும். இதை நினைக்காமல் இப்போது என்னால் ஒரு வாய் சாப்பிட முடிவதில்லை.

அன்று மாலையே பெரியக்காவிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். ஆறு வருடத்துக்கு முன் நான் எழுதியது பொய், பழைய கேஸ் ஷீட்டைத் திருத்த வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

"செத்த பிள்ளைக்கு வைத்தியம் பாக்கப் போறியா? அடியில என் கையெழுத்தும் இருக்குடி. எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம்தான் பாக்கி."

"அவ இங்கதான் இருக்கா பெரியக்கா. நான் தொட்டேன்."

"இருந்துட்டுப் போறா. அவளுக்கு நீ சொல்லியாச்சுல்ல? போதும். வாயை மூடு."

கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். அப்போது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. இன்னொரு கடிதம் எழுத எனக்குக் கை இருந்தது, பேனா இருந்தது. எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது பெரியக்கா மட்டுமில்லை, சோறு பரிமாறியது நான்.

அதற்குப் பதிலாக ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். அந்தத் தொட்டிலைத் தள்ளிக்கொண்டு போய் பழைய சாமான் அறையில் போட்டுப் பூட்டினேன். புதுத் தொட்டில் வந்தது. தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் பகல், பால் கொடுத்து முடித்த நேரம். பன்னிரண்டு தொட்டிலிலும் பன்னிரண்டு குழந்தைகள். ஆயா மருந்துக் கிண்ணங்களை அடுக்கிய தட்டைக் கொண்டு வந்தாள். கால் ஈரத்தில் வழுக்கியது. தட்டு தரையில் விழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தாய்மார்கள் அத்தனை பேரும் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்கள். ஒருத்தி அலறியே விட்டாள்.

இப்படி ஒரு சத்தம் கேட்டால் பச்சைக்குழந்தை இரண்டு கையையும் விரித்து உதறும். ஆரோக்கியமான பிள்ளை என்றால் உதறியே தீரும்.

நான் முதல் தொட்டிலிலிருந்து கடைசித் தொட்டில்வரை பார்த்தேன்.

கண்கள் எல்லாம் திறந்திருந்தன.

ஒரு கைகூட அசையவில்லை.

வெயில் நிறைந்த வார்டில் பழைய தாய்ப்பால் வாடை மெதுவாக எழுந்தது.

ஆயா கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தாள். "பாருங்க சிஸ்டர், இந்தச் சத்தத்துக்கும் அசையல! எல்லாம் எவ்வளவு சமத்துப் பிள்ளைங்க!"