குழாய்க் கீரை வாடியது ஏன்?

வெள்ளிக்கிழமை, பகல் 1:05. பர்க்கா என்ற அரபுக் கடலோர ஊரின் கோடியிலிருந்த தன் பசுமைக்குடிலில், பம்ப்புக்குப் பக்கத்தில் கல்ஃபான் குப்புறச் செத்துக் கிடந்தார். உள்ளங்கை கருகியிருந்தது.

முதலில் பார்த்தவன் அவருடைய மச்சினன் நாஸிர்.

“ஜும்ஆ தொழுகை முடிஞ்சு இப்பத்தான் வந்தேன், மேடம். பம்ப் சத்தம் சரியில்லைன்னு மச்சான் தொழ வரலை. வாசல்ல கால் வச்சேன், அலறல் கேட்டுது. ஓடிப்போய் மெயினை அணைச்சுட்டு ஒடனே உங்களுக்குப் போன் போட்டேன்.”

போன் வந்த கையோடு வந்துவிட்ட போலீஸ் லெஃப்டினன்ட் ஸுவைனாவிடம், விபத்து என்று எழுதிவிடலாம் என்றார் காவலர். மாலை அஸர் தொழுகைக்குள் அடக்கம் செய்ய ஊரே அவசரப்பட்டது. உடல் மண்ணுக்குள் போய்விட்டால் தடயமும் போனதுதான்.

கிணறு உப்பாகிவிட்டதால் மண்ணில்லா விவசாயம். குடிலின் ஒரு பாதியில் குழாய்கள். உள்ளே பம்ப் தள்ளும் மெல்லிய நீரோட்டம், அதில் வேர் நனையும் கீரை. மறுபாதியில் தொட்டி நிறையத் தண்ணீர். மிதக்கும் தெப்பப் பலகைகளில் கீரை. எந்த முறை நல்லது என்பதில் மச்சானுக்கும் மச்சினனுக்கும் ஏழாம் பொருத்தம்.

“குழாய்ல என்னப்பா குறை?” என்று நாஸிரிடம் கேட்டாள் ஸுவைனா.

“இந்த வெயில்ல கரண்ட் போனா ஒரு மணி நேரத்துல கீரை செத்துடும். என் தெப்பம் நாள் முழுக்கத் தாங்கும். தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா மனுஷன்?”

வாசலில் நின்ற ரய்யா முக்காட்டால் வாயைப் பொத்தியிருந்தாள். கல்ஃபானின் மனைவி, நாஸிரின் அக்கா. “நேத்து முடிவு பண்ணிட்டார், மேடம். எல்லாம் குழாய்தான்னு. இவனை மூட்டை கட்டச் சொல்லிட்டார்.”

“அக்கா, வாயை மூடு!”

ஸுவைனா வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். தெப்பக் கீரை நிமிர்ந்து நின்றது. குழாய்க் கீரை துவண்டு தொங்கியது. ஒன்றைப் பிடுங்கினாள். வேர் காய்ந்த நாராக இருந்தது. நாஸிரிடம் திரும்பினாள்.

“மெயினை எப்ப அணைச்சே?”

“இப்பத்தான்னு சொன்னேனே!”

“இப்ப அணைச்சிருந்தா இந்த வேர்ல தண்ணி சொட்டணும். தொழுகைக்கு முன்னாடியே அவர் கதையை முடிச்சுட்டே. அவர் தொட்டா ஷாக் அடிக்கிற மாதிரி பம்ப் மேல மாட்டின ஒயரைக் கழட்ட மெயினை அணைச்சே. அப்புறம் ஊரே பாக்கப் போய்த் தொழுதே. திரும்பப் போட மறந்துட்டே. தெப்பக்காரனுக்கு நின்னுபோன பம்ப் ஒரு கவலையா?”

நாஸிரின் முகம் பேயறைந்தது போலாயிற்று. “நாயா உழைச்சேன் மேடம். ஒரே வார்த்தையில போடான்னுட்டார்.”

விலங்கு மாட்டும்வரை ரய்யா அழவில்லை. தம்பியின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

“ஊரே வந்து அவர் ஜனாஸாவைத் தூக்கும்டா. நீ மட்டும் தோள் கொடுக்காதே.”