வடித்தெடுத்த வாக்கு

கருவேலங்குடிக்கு வடிப்பான் வந்து இறங்கியபோது மாலை போட்டு வரவேற்றது ஆளுங்கட்சி. ஆரத்தி எடுத்தது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் ஒரே பந்தலில் சிரித்துக்கொண்டு நின்றதை ஊர் அன்றுதான் முதன்முதலில் பார்த்தது.

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. எண்ணெய்க் கிணறு வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த ஊரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மாநிலத்தில் சட்டம் வந்து பத்து வருஷமாகிவிட்டது. ஆனால் ஊர் சொல்வதை நம்புவது யார்? "வேண்டாம் என்பவனெல்லாம் வேலை கிடைக்காத வயிற்றெரிச்சலில் சொல்கிறான்" என்றது ஆட்சியில் இருந்த கட்சி. "வேண்டும் என்பவனெல்லாம் வேலை கிடைத்த ருசியில் சொல்கிறான்" என்றது ஆட்சியில் இல்லாத கட்சி. ஆட்சி மாறினால் இரு தரப்பும் பேச்சுக் காகிதத்தை அப்படியே கைமாற்றிக்கொள்ளும். எழுதுகிற சிரமம்கூடக் கிடையாது.

இதையெல்லாம் பார்த்து அலுத்துப்போன ஒரு பெண் பொறியாளர்தான் வடிப்பானைச் செய்தார். சுத்திகரிப்பு ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். கச்சா எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கிறோமே, கச்சாக் கருத்திலிருந்து சுயநலத்தைப் பிரித்தால் என்ன என்பது அவர் யோசனை. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். உங்கள் கருத்துக்கு எவ்வளவு சூடு என்பதை வடிப்பான் முதலில் அளக்கும். பிறகு உங்கள் ஊரையே மாற்றி மாற்றிக் காட்டும்: உங்களுக்கு ஆதாயம் இல்லாத ஊர், அடுத்த வீட்டுக்காரருக்கு ஆதாயம் இல்லாத ஊர். அந்த ஊர்களைப் பார்க்கும்போது கருத்தின் சூடு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவும் கசடு. கசடு போக மிஞ்சுவதுதான் வாக்கு.

கருத்தைவிடக் கசடு அதிகமாக இருந்தால் என்ன செய்வது என்று சட்டசபையில் ஒருவர் கேட்டார். "மைனஸில் போகட்டும்!" என்று இரண்டு பக்கமும் மேசையைத் தட்டின. எதிராளியை நினைத்துக்கொண்டு தட்டிய தட்டு அது. அந்தக் கூட்டத்தொடரில் ஒருமனதாக நிறைவேறிய மசோதா அது ஒன்றுதான்.

கருவேலங்குடியில் கேள்வி எளிமையானது. ஊருக்குக் கிழக்கே இருக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கு இன்னும் இருபது வருஷம் குத்தகை நீட்டிக்கலாமா, மூடிவிடலாமா?

நிலானி மூடச் சொல்கிற கட்சி. அவள் வீட்டு அடிபம்பில் வருகிற தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாக இருந்தது; வாயில் வைத்தால் துரு வாடை அடித்தது. கிணற்றுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய நிலத்தில் உப்புப் படிந்து வெள்ளை பூத்துப்போய் இரண்டு போகமாக நாற்றே பிடிக்கவில்லை. கிணற்றை மூடினால் நாலு மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தேறிவிடும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த நாலு மழைக்காலத்தை நம்பித்தான் அவள் இருந்தாள்.

இவ்வளவும் உண்மை. ஆனால் பக்கத்து வீட்டில் மிருதுளா இருந்தாள் என்பதும் உண்மை.

மிருதுளா அவளுக்கு ஓரகத்தி. நிலானியின் புருஷன் கவிநயனும் மிருதுளாவின் புருஷன் முகிலனும் அண்ணன் தம்பி. நிலம் கொடுத்தபோது பட்டா ஒன்றுக்கு ஒரு வேலை என்று நிறுவனம் விதி வைத்தது. கூட்டுப் பட்டாவில் மூத்தவர் முகிலன் பெயர் முதலில் இருந்தது. வேலை அங்கே போயிற்று. நிலம் இரண்டு வீட்டிலிருந்தும் போயிருந்தும், காலையில் நிறுவனத்துப் பேருந்து ஒரு வாசலில்தான் நின்றது. எட்டு வருஷமாக அந்தப் பேருந்து எழுப்புகிற ஹாரன் சத்தம் நிலானிக்குக் காதில் ஊசி குத்தினமாதிரி இருந்தது.

பங்குனியில் சோதனை வாக்கெடுப்பு நடந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர் பட்டை கட்டிக்கொண்டார்கள். பெரும்பாலோருக்குச் சீட்டில் பூஜ்யம் வந்தது. வேலை பார்த்தவர்களின் ஆதரவை ஆதாயம் தின்றுவிட்டது. வேலை இல்லாதவர்களின் எதிர்ப்பைப் பொறாமை தின்றுவிட்டது. ஊர் முழுக்கச் சேர்த்து ஆதரவு நாற்பது புள்ளி, எதிர்ப்பு பத்தொன்பது.

நிலானியின் சீட்டில் இப்படி இருந்தது: எதிர்ப்பு எழுபத்தொன்று, கசடு அறுபத்து நான்கு, மிச்சம் ஏழு. எதிர்த்து, சீட்டை வெளியே காட்டியவர்களில் அவளுக்குத்தான் மிச்சம் அதிகம். ஏழும் தண்ணீருக்கானது என்று அவளுக்குத் தெரிந்தது. அறுபத்து நாலு எதற்கானது என்று ஊருக்கே தெரியும்.

நீர்மீட்புக் குழுவின் செயலாளர் இளவழகன் அன்று மாலையே கூட்டம் போட்டார்.

"தோத்துருவோம்னு யாரும் பயப்படாதீங்க. இன்னும் ஒரு மாசம் இருக்கு. நாம ஒண்ணும் புதுசா எதிர்க்க வேணாம். பொறாமையைக் கொறைச்சா போதும், மிச்சம் தானா ஏறிடும்."

"எப்படிங்க கொறைக்கிறது?" என்றாள் நிலானி. அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள்.

"கம்பெனி பஸ்ஸைப் பாக்காதீங்க. அவங்க வீட்டுப் பக்கம் தலையத் திருப்பாதீங்க. தெனமும் பத்துத் தடவை 'அவங்க நல்லா இருக்கட்டும்'னு மனசாரச் சொல்லுங்க."

நிலானி பஸ்ஸைப் பார்க்காமல் இருந்தாள். மிருதுளா வீட்டில் புதிதாகப் பதித்த தரைக்கல்லைப் பார்க்காமல் இருந்தாள். அடுப்படியில் நின்றுகொண்டு பத்துத் தடவை சொன்னாள். கவிநயன் பல் விளக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "நீ நல்லா இருக்கட்டும்னு சொல்றது சாபம் விடுற மாதிரியே இருக்கு" என்றான்.

"நீங்க பட்டாவுல பேரை மொதல்ல போட்டிருந்தா நான் எதுக்கு இதெல்லாம் சொல்லிட்டு நிக்கிறேன்?"

"அவன் எனக்கு மூணு வருஷம் முன்னாடி பொறந்துட்டான். அதுக்கு நான் என்னா பண்ண முடியும்?"

ஆனாலும் பலன் இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஹாரன் சத்தம் கேட்டும் அவள் அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. தனக்கே தன்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. ஏழு, பதினைந்தாகும் என்று நம்பினாள். இருபதுகூட ஆகலாம். அவள் ஒருத்தியாலேயே கிணறு மூடப்படலாம். ஊர் அவளைப் பேசும்.

வாக்கெடுப்பு நாள் காலையில் மிருதுளா வந்தாள். கதவைத் தட்டாமல், பின்பக்கமாக, உரிமையோடு வந்தாள்.

"நிலானி, ஒன்கிட்ட மட்டும் சொல்றேன். நானும் வேணாம்னுதான் போடப்போறேன்."

நிலானிக்குச் சட்டென்று புரியவில்லை. "மூத்தாருக்கு வேலை போயிடுமேக்கா?"

"போவும். ராத்திரி பூரா அவருகிட்ட பேசிட்டேன். ஒங்க வீட்டுத் தண்ணிதானே எங்க வீட்டுலயும் வருது. ஒங்க நெலம் வெள்ளை பூத்ததப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல. நாம ஒரு வீட்டு மனுஷிங்கதானே?" மிருதுளாவின் கண் கலங்கியிருந்தது. "எனக்கு இதுல நஷ்டந்தான், அதனால கசடே வராதாம். முழுசா விழுமாம். செயலாளரே கூட்டத்துல சொன்னாராம்."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. நிலானிக்கும் அது தெரியும். இவ்வளவு நாள் அவள் விரும்பியதே இதுதான். ஆனால் அவளுக்கு வந்தது வேறு. எட்டு வருஷமாகத் துருத் தண்ணீரைக் குடித்தவள் நான், கூட்டத்துக்கெல்லாம் போனவள் நான், ஒரு மாதமாகக் கழுத்தைத் திருப்பாமல் நடந்தவள் நான். இவள் நேற்று ராத்திரி புருஷனோடு பேசினாளாம், இன்று காலை எல்லாரையும் முந்திக்கொண்டு நிற்பாளாம். வேலை இவளுக்குத்தான் கிடைத்தது. அதை விட்டுக்கொடுக்கிற பெருமையும் இவளுக்கேதானா? விட்டுக்கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்பது நிலானிக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. கிணற்றையும் பேருந்தையும் பொறுத்துக்கொண்டாலும் பொறுத்துக்கொள்ளலாம், இந்த நல்ல மனசை எப்படிப் பொறுப்பது?

"நல்லா இருங்கக்கா" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதும் நெஞ்சு ஆறவில்லை. கிணறு வேண்டுமா என்று வடிப்பானின் குரல் கேட்டது. வேண்டாம் என்றாள். அடுத்து அது வழக்கம்போல ஊரை மாற்றிக் காட்டியது. அதே தெரு, அதே அடிபம்பு. மிருதுளா வீட்டு வாசலில் பேருந்து இல்லை. முகிலனுக்கு வேலை இல்லை. ஆகவே விட்டுக்கொடுக்கவும் எதுவும் இல்லை. மிருதுளா வெறும் மிருதுளாவாக முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. தூரத்தில் எண்ணெய்க் கிணற்றின் வாயுச்சுடர் எரிந்துகொண்டிருந்தது. கிணறு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நிலானிக்கு ஒரு கணம் தோன்றியது.

ஒரே ஒரு கணம்தான். வடிப்பானுக்கு அது போதும்.

வெளியே வந்து சீட்டைப் பிரித்தாள். எதிர்ப்பு எழுபத்தொன்று. கசடு எழுபத்து நான்கு. மிச்சம் மைனஸ் மூன்று.

மாலை ஐந்து மணிக்குப் பலகையில் முடிவு வந்தது. ஆதரவு அதே நாற்பது. எதிர்ப்பு முப்பத்தெட்டு. இருபது வருஷ நீட்டிப்பு.

இளவழகன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு புள்ளி! ரெண்டே ரெண்டு புள்ளி!" பிறகு தேறிக்கொண்டு மிருதுளாவை முன்னால் அழைத்தார். அவள் சீட்டை எல்லோருக்கும் காட்டினார். இருபத்து மூன்று, கசடே இல்லை. தோற்ற கூட்டம் கை தட்டியது. ஓரகத்தியே போர்த்தினால் பொருத்தமாக இருக்கும் என்று பொன்னாடையை நிலானியின் கையில் கொடுத்தார்கள்.

போர்த்தும்போது அவள் மனசு கணக்குப் போட்டது. முப்பத்தெட்டோடு மூன்று, நாற்பத்தொன்று. அவள் வாக்களிக்க வராமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் கிணறு மூடியிருக்கும். எட்டு வருஷமாக அவள் வேண்டியதை அவள் மட்டுமே தடுத்திருக்கிறாள். இது யாருக்கும் தெரியாது, அவளாகக் காட்டாதவரை சீட்டு ரகசியம். தெரியாது என்பதில் ஆறுதல் இருந்த அளவுக்கு அவமானமும் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது மிருதுளா பொன்னாடையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஒனக்கு எவ்ளோ வந்துச்சு?"

"பூஜ்யம்க்கா" என்றாள் நிலானி. அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"வுடு. நம்மால ஆனத நாம செஞ்சோம்." மிருதுளா அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். "குத்தகை நீட்டிச்சதால வேலை பாக்குறவங்க வீட்டுக்கெல்லாம் வெளியூர்லேர்ந்து நல்ல தண்ணிக் கொழாய் போடுறாங்களாம், அவரு இப்பத்தான் சொன்னாரு. நீ ஒண்ணும் கவலப்படாத. தெனம் காலைல கொடத்த எடுத்துட்டு நம்ம வீட்டுக்கு வந்துரு. இருவது வருஷத்துக்கும் நான் தரேன்."