கேள்வி இருந்தால் மேஜையைத் தட்டவும்

மாதர் படிப்பு வட்டத்தின் அறை மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வட்டத்தின் வரலாற்றை நான் எழுதி முடித்திருந்தேன். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். அதற்குமுன் அந்த அறையின் மேஜையிலேயே ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லி என் மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். வட்டத்தின் கடைசிச் செயலாளர் அவர்தான். அத்தை சொன்னால் அப்பீல் கிடையாது. அவர் பெற்ற பிள்ளையே வாய் திறக்க மாட்டார்.

பகலிலேயே மேகம் கவிந்து அறை இருண்டு கிடந்தது. ஈரக் காகிதமும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை. வட்டத்தின் ஒரே விதி சுவர்ப்பலகையில் இன்னும் இருந்தது: வாசிப்பவரிடம் குறுக்கே பேசாதீர், கேள்வி இருந்தால் மேஜையை இருமுறை தட்டவும்.

வாசித்தேன். அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டக் குறிப்பில் அவர் கைப்பட எழுதியிருந்ததை நான் அப்படியே எடுத்துப்போட்ட இடம் வந்தது.

"செயலாளர் கட்டுரை வாசித்தார். உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் காலமானார். கேள்விகள் இல்லை."

டொக். டொக்.

"எலி," என்றார் அத்தை. "மேல படி."

யார் அந்த உறுப்பினர் என்று கேட்டேன். வேண்டாவெறுப்பாகச் சொன்னார். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கும் பெண். டொக்டொக் என்றே பட்டப்பெயர். அன்றும் விடாமல் தட்டினாளாம். ஆரம்பித்துவிட்டாள் என்று எல்லாரும் சிரித்தார்களாம். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடைசிப் பக்கம்வரை வாசித்தாராம். அவளுக்கு மூச்சு அடைத்திருந்தது. குரல் வரவில்லை. தட்டத்தான் முடிந்தது.

"இதை எழுதணும் அத்தை."

"வேணாம். என் மானம் போயிடும். மேல படி."

பயத்தோடு அடுத்த வரிக்குப் போனேன்.

டொக். டொக். டொக். டொக்.

நிமிர்ந்தேன். அத்தையின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது. தட்டி என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

அவருடைய இரண்டு கைகளும் கழுத்தில் இருந்தன.

கேள்விகள் இல்லை என்ற வரியை அடித்தேன். அவள் தட்டினாள், யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று கிறுக்கினேன். அத்தைக்கு மூச்சு திரும்பியது. என் தோளில் ஒண்டி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"நின்னுடுச்சாம்மா?"

"நின்னுடுச்சு அத்தை."

நிற்கவில்லை. அத்தை உள்ளே தூங்குகிறார். இதை என் வீட்டு மேஜையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் நிற்கவில்லை.