அல்ஸ்டர் மன்னர்களின் பட்டியல்

2004 மார்ச் 13, சனிக்கிழமை. காலை 8.10.

கண்ணாடிப் பேழை திறந்து கிடந்தது. உள்ளே விரித்திருந்த நீல வெல்வெட் துணி மட்டுமே மிச்சம்.

செலீன் கையுறையைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். மொன்றியலின் வில்லரேயிலிருந்த அந்தச் சிறிய வரலாற்றுச் சங்கத்தில் அவள் பகுதிநேர நூலகர்; வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள். பதினொரு மணிக்குக் கண்காட்சி திறப்பு. அயர்லாந்தின் அரச குலச்சின்ன அலுவலகத்தைப் பற்றியது. யாருக்கு எந்தச் சின்னம் உரியது என்று 1552 முதல் தீர்மானித்துப் பத்திரம் எழுதிக்கொடுத்த அலுவலகம் அது. அதன் தலைமை அதிகாரிக்கு ‘அல்ஸ்டர் குலச்சின்ன மன்னர்’ என்று பட்டம். பெயரில்தான் மன்னர், ஆள நாடு கிடையாது. 1907இல் டப்ளின் கோட்டையில் அப்படியொரு மன்னரின் காவலிலிருந்த அரச நகைகள் களவுபோய், அவர் பதவியே பறிபோன கதையைச் சங்கச் செயலாளர் பேரின்பநாதன் மாஸ்ரர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது மாஸ்ரரின் குலச்சின்னப் பத்திரத்தையே காணவில்லை. 1938இல் அந்த அலுவலகத்தால் மொன்றியல் ஐரிஷ் குடும்பம் ஒன்றுக்கு வழங்கப்பட்டதாம். பழைய சாமான் கடையொன்றில் அவர் கண்டெடுத்து, அதைப் பற்றி ஒரு சிறுநூலும் எழுதி, பத்திரத்தைச் சங்கத்துக்கே கொடுத்திருந்தார். அதைப் பார்க்கத்தான் ஒட்டாவாவிலிருந்து ஒரு நிபுணர் வருவதாக இருந்தது.

செலீன் நிமிர்ந்தாள். பேழைக்கு மேலே சுவரும் வெறுமையாக இருந்தது. குலச்சின்ன மன்னர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் அவள் தட்டச்சு செய்து மாட்டிய பட்டியல் அங்கே இல்லை. நேற்று மாலை ஐந்தரைக்கு வெள்ளை மட்டை தீர்ந்துபோனதால் மூலையிலிருந்த டெப்பனர் கடைக்கு ஓடி, கிடைத்த பச்சை மட்டையை வாங்கி வந்து அதில் ஒட்டினாள். ஆறேகாலுக்குப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்போது கட்டடத்தில் வேறு யாருமில்லை.

காலை 8.40.

பொலிஸ் சார்ஜன்ட் துய்கே கதவுப் பூட்டைக் குனிந்து பார்த்தார். சிறு கீறல்கூட இல்லை.

“இந்தப் பூட்டுக்கு எத்தனை திறப்பு?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“மூன்று,” என்றார் மாஸ்ரர். “என்னிடம் ஒன்று, செலீனிடம் ஒன்று.” சற்றுத் தயங்கிக் குரலைத் தாழ்த்தினார். “சொல்ல மனம் வரவில்லை. துப்புரவு செய்பவரிடமும் ஒன்று இருக்கிறது.”

“நேற்று நீங்கள் எப்போது போனீர்கள்?”

“நாலு மணிக்கு. நேரே புவாண்ட்-கிளேரில் மகள் வீட்டுக்கு. இப்போதுதான் வருகிறேன்.”

துப்புரவு செய்யும் தியாகலிங்கம் கதவோரம் ஒதுங்கி நின்றார். மன்னாரிலிருந்து வந்து ஐந்து வருடம். பிரெஞ்சும் ஆங்கிலமும் கூலி வேலைக்குப் போதுமான அளவு பேசுவார், வாசிக்க வராது. செலீன் மொழிபெயர்த்தாள்.

“நேற்றுப் பின்னேரம் எங்க இருந்தனீங்கள் எண்டு கேக்கிறார், அண்ணை.”

“வீட்டிலதான்.”

“ஆரும் கூட இருந்தவையோ?”

“ஒருத்தரும் இல்லை, தங்கச்சி. தனியத்தான்.”

துய்கே ‘தனியாக’ என்று எழுதி அடிக்கோடிட்டார். தியாகலிங்கம் பார்வையைத் தரையில் இறக்கினார். அதைக் கண்டதும் செலீனின் மனத்திலும் ஒரு கணம் சந்தேகம் ஊர்ந்தது. வியாழக்கிழமை பேழையைத் துடைக்கும்போது, “இது நல்ல பழசோ?” என்று கேட்டவர் அவர்தானே?

அவர் அவளிடம் மெதுவாகச் சொன்னார். “மனுசியை இங்க கூப்பிடுற ஸ்பொன்சர் கேஸ் வாற மாசம் முடியுது. இப்ப பொலிஸ் கேஸ் எண்டு என்ர பேர் விழுந்தா அவள் வந்து சேரமாட்டாள்.”

செலீன் துய்கேயிடம் திரும்பினாள். “சுவரில் இருந்த பட்டியலும் போயிருக்கிறது. கள்ளனுக்கு அது எதற்கு?”

“பத்திரத்தைச் சுற்றியிருப்பான்.”

“சுற்றுவதற்கென்றால் இதோ, மேசை நிறையப் பொதிதாள் கிடக்கிறதே!”

துய்கே தோளைக் குலுக்கினார். மாஸ்ரர் அவள் பக்கம் வந்தார்.

“அந்தப் பச்சை மட்டைக்கு ஏன் கவலைப்படுறீர்? பேந்து இன்னொண்டு அடிக்கலாம். பத்திரம் போனதுதான் பெரிசு.”

காலை 9.20.

செலீன் கணினியில் பட்டியலைத் திறந்தாள். நேற்று அவசரத்தில் தட்டினாளே தவிர, ஒரு வரியையும் மனத்தில் வாங்கவில்லை. இப்போது விரலை வைத்து வாசித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. பிறகு அலுமாரியிலிருந்து மாஸ்ரரின் சிறுநூலை எடுத்துப் பத்திரத்தின் படம் இருந்த பக்கத்தைப் புரட்டினாள். கையொப்பத்தைப் பார்த்தாள்.

காலை 9.45.

துய்கே தியாகலிங்கத்தைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போகத் தயாராக நின்றார்.

“ஒரு நிமிடம்,” என்றாள் செலீன். “1943 வரை இரண்டு பதவிகள் இருந்தன. வட இங்கிலாந்துக்கு நொரோய், அயர்லாந்துக்கு அல்ஸ்டர். அந்த வருடம்தான் இரண்டையும் இணைத்து ‘நொரோய் மற்றும் அல்ஸ்டர்’ என்று ஒரே பதவியாக்கினார்கள். என் பட்டியலின் கடைசி வரி அதுதான். இந்தப் பத்திரத்தின் திகதி 1938. கையொப்பத்தின் கீழே உள்ள பதவியோ ‘நொரோய் மற்றும் அல்ஸ்டர்’.”

துய்கே புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். “ஐந்து வருடம் முந்திவிட்டது. அப்படியானால் போலி.”

“ஓம். போலியென்று தெரிந்த கள்ளன் அதை எடுக்கவே மாட்டான்; தெரியாதவன் பட்டியலைத் தொட மாட்டான். கவலைப்படக்கூடியவர், அதை நம்பி நூல் எழுதியவர். நிபுணர் வருவதற்குள் பத்திரம் மறைய வேண்டும். பிழையைக் காட்டிக்கொடுக்கும் பட்டியலும் மறைய வேண்டும்.”

மாஸ்ரர் சிரிக்க முயன்றார். “செலீன், நான் நாலு மணிக்கே போயிட்டன் எண்டு சொன்னனான்தானே.”

“நாலு மணிக்கு என்னட்ட இருந்தது வெள்ளை மட்டை, மாஸ்ரர். பச்சை மட்டை வாங்கினது அஞ்சரைக்கு. ஆறேகால்வரை நான் மட்டும்தான் இங்க இருந்தன். காலமை நீங்கள் வரேக்க சுவர் வெறுமை. அது பச்சை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

மாஸ்ரர் கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

“ஏழு மணிபோல வந்தனான்,” என்றார் கடைசியில். “எல்லாம் சரியா எண்டு பாக்கத்தான். உம்முடைய பட்டியலை வாசிச்சன். 1943. அஞ்சு வருசமா அந்தப் பத்திரத்தோட இருந்தும் அது என்ர கண்ணில படேல்லை. நிபுணருக்கு முன்னால எல்லாரும் சிரிக்கப்போகினம் எண்டதுதான் யோசனை. இரண்டும் காரிலதான் கிடக்கு. கிழிக்க மனம் வரேல்லை.”

செலீன் அதைப் பிரெஞ்சில் சொல்லி முடித்ததும் துய்கே காரைப் பார்க்க வெளியே போனார்.

தியாகலிங்கம் மெல்ல முன்னே வந்தார்.

“மாஸ்ரர், என்ர மனுசியின்ர ஸ்பொன்சர் போம் முழுக்க நீங்கள்தான் எனக்கு நிரப்பித் தந்தனீங்கள். மூண்டு ஞாயிறு இருந்து எழுதினனீங்கள். அவள் எப்ப போன் எடுத்தாலும் முதல்ல உங்களைத்தான் சுகமோ எண்டு கேப்பாள்.” மாஸ்ரரின் கதிரைக்கு முன்னால் குந்தினார். “இண்டைக்கு ராவு எடுப்பாள். நான் என்ன சொல்ல?”

வெளியே துய்கே கார்க்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.